டவர் ஆஃப் ஹனோய் மர விளையாட்டு: ஒன்பது வட்டு வேண்டாம், மூன்று போதும்

ஒரு பலகை, அதில் நட்ட மூன்று குச்சிகள், நடுவில் துளை போட்ட ஏழு முதல் ஒன்பது வரை மர வட்டுகள். டவர் ஆஃப் ஹனோய் என்று கேட்டால் பொம்மைக் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். பெட்டியின் மேல் பெரும்பாலும் இரண்டு வாசகங்கள் இருக்கும்: "3 வயதுக்கு மேல்", "மூளைத் திறனை வளர்க்கும்". முதலாவது தவறு, இரண்டாவது மிகை. இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது வாங்கத் தகுந்த பொருள்தான். ஒரு குழந்தை எத்தனை அடி முன்கூட்டி யோசிக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் விளையாட்டுச் சாமான்கள் குறைவு. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் எல்லா வட்டுகளையும் அடுக்கி "இதை அந்தப் பக்கம் மாத்து" என்று நீட்டினால், அன்று சாயந்திரமே அது அலமாரிக்குப் போய்விடும். குறை பொம்மையில் இல்லை, கொடுக்கும் முறையில் இருக்கிறது.

விதிகள் மூன்று. ஒரு முறைக்கு ஒரு வட்டைத்தான் நகர்த்தலாம். குச்சியின் உச்சியில் உள்ளதை மட்டுமே எடுக்கலாம். சின்னதன் மேல் பெரியது உட்காரக் கூடாது. இடது குச்சியில் நிற்கும் கோபுரம் வலது குச்சிக்குப் போக வேண்டும். 3 வட்டுக்குக் குறைந்தது 7 நகர்வுகள், 4 வட்டுக்கு 15, 5க்கு 31, 7க்கு 127, 9க்கு 511. ஒவ்வொரு வட்டு கூடும்போதும் முன்பிருந்த எண்ணிக்கை இரட்டித்து, மேலே ஒன்று சேரும். நகர்வுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும், ஒரு பிழை கூட இல்லாமல் 9 வட்டுகளை மாற்ற 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்தக் குழந்தையும் அதுவரை உட்காராது, உட்காரத் தேவையும் இல்லை.

1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா இதைப் பொம்மையாக வெளியிட்டபோது அதில் 8 வட்டுகள் இருந்தன. காசிக் கோயிலில் 64 தங்க வட்டுகளைப் பூசாரிகள் ஓயாமல் நகர்த்துகிறார்கள், அது முடியும் நாளில் உலகம் அழியும் என்ற கதையும் அந்தக் காலத்தில் பொம்மையோடு சேர்ந்து பரவியதுதான். காசியில் அப்படி எதுவும் கிடையாது. நொடிக்கு ஒரு நகர்வு என்றாலும் 64 வட்டுக்கு 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது மட்டும் நிஜக் கணக்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பலகையின் நீளம். மலிவான செட்களில் குச்சிகள் நெருக்கமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளில் பெரிய வட்டும் அதற்கு அடுத்ததும் உட்கார்ந்தால் ஓரங்கள் இடிக்கும். பெட்டியில் உள்ள படத்தில் எல்லா வட்டும் ஒரே குச்சியில் இருப்பதால் இது தெரியாது. கடையில் என்றால் பெரிய இரண்டு வட்டுகளை அடுத்தடுத்த குச்சிகளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, வட்டுகளின் அளவு வித்தியாசம். ஒன்பது வட்டு கொடுக்க வேண்டும் என்பதற்காக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே வித்தியாசம் வைத்திருப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை அங்கே யோசிப்பதில் தோற்பதில்லை, எது பெரியது என்று கண்ணால் கண்டுபிடிப்பதிலேயே தோற்கிறது. இப்படி ஒரு செட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் முதல், நான்காம், ஏழாம் வட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

குச்சியின் நுனி மழுங்கி உருண்டையாக இருக்க வேண்டும். தவழும் குழந்தையோ தத்தித் தத்தி நடக்கும் குழந்தையோ வீட்டில் இருந்தால் நிமிர்ந்து நிற்கும் குச்சி கண்ணுக்கு ஆபத்து. மிகச் சிறிய வட்டு 3.2 செ.மீ. விட்டத்துக்குக் குறைவாக இருந்தால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயில் போட்டு விழுங்கிவிடக்கூடும். அந்த வட்டைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களின் பொருள்களுக்கும், சன்னபட்னா பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. இரண்டிலும் சேராத, யார் செய்தது என்றே தெரியாத வண்ணப் பொம்மையைத் தவிர்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மரம் உப்பி வட்டு குச்சியில் இறுகும். குழந்தை பிடித்து இழுக்கும், குச்சியே கையோடு வரும். 220 எண் உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். குச்சி ஆடினால் மரப்பசை விட்டு ஓர் இரவு காயவிட வேண்டும். வட்டு தானாக வழுக்கிக் கீழே இறங்கும் அளவுக்குத் துளை தளர்வாக இருப்பதே சரி. கை அழுத்தினால்தான் இறங்கும் என்றால் குழந்தையின் கவனம் அழுத்துவதிலேயே போய்விடும்.

எந்த வயதுக்கு என்ன

மூன்று வயதுக்குள் இது வெறும் அடுக்குப் பொம்மை. அந்த வயதுக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள் இதைவிட மேல். 1972இல் உளவியலாளர் பட்ரீஷியா க்ரீன்ஃபீல்டும் சகாக்களும் 11 மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளிடம் இத்தகைய கிண்ணங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிறியவர்கள் ஒரு கிண்ணத்தை இன்னொன்றில் வைப்பதோடு நிறுத்தினார்கள். கொஞ்சம் பெரியவர்கள் அசையாத ஒரு கிண்ணத்துக்குள் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மூன்று வயதை ஒட்டியவர்கள்தான் சின்னதை நடுத்தரத்துக்குள் வைத்து, அந்த ஜோடியை அப்படியே தூக்கிப் பெரியதில் போட்டார்கள். இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்த்துப் பிறகு அதை ஒரே பொருளாகக் கையாளுவது: ஹனோய் கோபுரத்துக்கும் கடைசியில் தேவைப்படும் திறமை இதேதான், என்ன, அங்கே அது கையால் நடக்காது, மனசுக்குள் நடக்க வேண்டும்.

மூன்று, நான்கு வயதில் விதிதான் சுவர். குழந்தை இரண்டு கையாலும் இரண்டு வட்டுகளைத் தூக்கும், பெரியதைச் சின்னதன் மேல் வைக்கும், சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடம் அதையே செய்யும். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். விதியை நினைவில் வைத்திருப்பதும், கை போக நினைக்கும் வழியைத் தடுப்பதும், அடுத்து என்ன என்று யோசிப்பதும் ஒரே சமயத்தில் அந்த வயதுக்கு அதிகச் சுமை. விதியைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிப் பொருளிலேயே வைத்துவிட்டால் அதே குழந்தை நன்றாக யோசிக்கும்.

1981இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் டேவிட் க்ளாரும் ராபின்சனும் செய்தது அதைத்தான். வட்டுகளை விட்டுவிட்டு, கவிழ்த்த டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். பெரியது சின்னதை மூடும். மேலே உள்ளதைத் தூக்காமல் கீழே உள்ளதை எடுக்கவே முடியாது, ஆகவே விதியைச் சொல்லிச் சொல்லி ஞாபகப்படுத்தும் வேலை இல்லை. டப்பாக்கள் ஒரு குரங்குக் குடும்பம், மரத்துக்கு மரம் தாவுகின்றன என்று கதையும் கட்டினார்கள். குழந்தை டப்பாவை நகர்த்தவில்லை. முதலிலிருந்து கடைசி வரை எது எங்கே தாவும் என்று வாயால் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஐந்து வயதினரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், ஆறு வயதினரில் ஏறக்குறைய எல்லாரும் நான்கு நகர்வுத் திட்டத்தைப் பிழையின்றிச் சொன்னார்கள். ஆறு வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு நகர்வு வரை போனார்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்குத் திட்டமிடவே வராது என்று அதுவரை பலரும் நினைத்திருந்த விஷயம் இது.

நம் வீட்டில் இதற்குச் செலவே இல்லை. கவிழ்த்து வைக்க மூன்று அளவு எவர்சில்வர் டம்ளர், குச்சிக்குப் பதில் மூன்று தட்டு. வாய் விட்டத்தில் ஒன்றுக்கொன்று ஒரு செ.மீ.யாவது வித்தியாசம் இருக்கட்டும். இறுக்கமாகப் பொருந்தும் டம்ளர்கள் என்றால் பெரியதைத் தூக்கும்போது உள்ளே இருப்பதும் சிக்கிக்கொண்டு வந்துவிடும். பெரிய டம்ளரின் முதுகில் சின்னதை வைத்தால் நிற்கத்தான் செய்யும், ஆனால் அது மூடவில்லை என்பது குழந்தைக்கே தெரியும். இரண்டு டம்ளரில் தொடங்குங்கள். ஐந்தரை ஆறு வயதில் மர வட்டுக்கு மாறலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டம்ளரில் சிறியதுதான் சிறைப்பட்டிருக்கும், வட்டில் பெரியது. தலைகீழாக மாறுவதால் முதல் சில ஆட்டங்களில் குழந்தை தடுமாறும்.

ஏணியை வட்டில் கட்டாதீர்கள், நகர்வில் கட்டுங்கள்

இந்தப் பொம்மையோடு வரும் துண்டுக் காகிதங்களின் பெரிய குறை இங்கேதான். 3 வட்டு முடிந்ததா, 4க்குப் போ, பிறகு 5 என்றுதான் போட்டிருப்பார்கள். 7 நகர்விலிருந்து ஒரே தாவில் 15. நடுவில் படியே இல்லை. உண்மையில் 3 வட்டுகளை மூன்று குச்சிகளில் விதிப்படி 27 விதமாக நிறுத்தலாம். வலது குச்சியில் முழுக் கோபுரம் என்பதே இலக்கு என்றால், மீதி 26 நிலைகளும் 26 தனித்தனிப் புதிர்கள். ஒரு நகர்வில் முடிபவை 2, இரண்டில் 2, மூன்றில் 4, நான்கில் 2, ஐந்தில் 4, ஆறில் 4, ஏழில் 8. இவற்றை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டால் நான்கு வருடத்துக்குக் காணும்.

சில படிகளை மட்டும் விரித்துச் சொல்கிறோம். எல்லாவற்றிலும் இலக்கு வலது குச்சி.

இரண்டு நகர்வு: பெரியது வலதில், நடுத்தரம் இடதில், சின்னது நடுக்குச்சியில். நடுத்தரத்தைப் போடு, சின்னதைப் போடு, முடிந்தது. வரிசையை மட்டும் யோசித்தால் போதும். நாலரை வயதில் பலருக்கு வரும்.

மூன்று நகர்வு, எளியது: பெரியது வலதில், மற்ற இரண்டும் இடதில். சின்னதை ஓரம் ஒதுக்க வேண்டும்.

மூன்று நகர்வு, கடினமானது: பெரியது வலதில், அதன் மேலேயே சின்னது, நடுத்தரம் இடதில். எண்ணிக்கை முன்னதைப் போலவே மூன்றுதான். ஆனால் சின்னது ஏற்கெனவே "வீட்டுக்கு வந்துவிட்டது". அதைத் திரும்ப வெளியே அனுப்பினால்தான் நடுத்தரம் நுழையும். இலக்கை அடைந்துவிட்டதை இலக்கிலிருந்து விலக்கும் இந்த ஒரு நகர்வில்தான் ஐந்து வயதுக் குழந்தைகள் உறைந்து நிற்கிறார்கள். சிலர் நடுத்தரத்தைச் சின்னதன் மேல் திணிப்பார்கள், சிலர் "முடியாது" என்று எழுந்துவிடுவார்கள். ஏழெட்டு வயதில் இந்தத் தயக்கம் பெரிதும் குறைந்துவிடும். ஒரே ஒரு புதிரை வைத்துக் குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

நான்கு நகர்வு: பெரியது இடதில், மற்ற இரண்டும் நடுக்குச்சியில். பெரியதை வலதில் போட்டதும் குழந்தை சந்தோஷத்தில் சின்னதையும் வலதில் போடும். அப்போதே வழி நீண்டுவிட்டது. சின்னது போக வேண்டியது இப்போது காலியான இடது குச்சிக்கு.

ஆறு நகர்வு: பெரியது இடதில், அதன் மேல் நடுத்தரம், சின்னது வலதில். நடுத்தரத்தை நடுக்குச்சிக்கு, சின்னதை அதன் மேல், பிறகு மேலே சொன்ன நான்கு நகர்வுப் புதிர் அப்படியே. "இது அந்தப் பழைய புதிர்தானே" என்று குழந்தை தானாகச் சொன்னால் அது ஒரு மைல்கல். புதிய சிக்கலைத் தெரிந்த சிக்கலாக மாற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

முழுக் கோபுரம், ஏழு நகர்வு: சின்னது வலது, நடுத்தரம் நடு, சின்னது நடு, பெரியது வலது, சின்னது இடது, நடுத்தரம் வலது, சின்னது வலது. ஏழு எட்டு வயதில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நகர்வில் சுற்றிச் சுற்றி வந்து முடிப்பார்கள். குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே இதே கோபுரத்தைக் குழந்தைகளிடம் கொடுத்தபோதும் இந்த வயதில் முயன்று, தவறி, திருத்தும் போக்கையே கண்டார். முன்கூட்டியே கணித்து வேகமாக முடிப்பதும் அதற்குக் காரணம் சொல்வதும் பதினொன்று பன்னிரண்டு வயதை ஒட்டியே வந்தது. இந்த வயதுக் கணக்குகள் எல்லாம் சுமாரானவை. முன்பின் ஒன்றரை வருடம் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இலக்கு எப்போதும் கோபுரமாகவே இருக்க வேண்டியதில்லை. மூன்று வட்டும் மூன்று குச்சியில் தனித்தனியே நிற்கும் நிலையை இலக்காக வைத்துப் பாருங்கள். கோபுர இலக்கில் பெரியது முதலில் போக வேண்டும் என்று அமைப்பே சொல்லிவிடும். தட்டையான இலக்கில் அந்தத் துப்பு கிடையாது, அதனால் நகர்வு எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இது கடினம். க்ளார், ராபின்சன் ஆய்விலும் அப்படித்தான் தெரிந்தது.

பெரியவர்கள் கெடுக்கும் இடங்கள்

முதலாவது, விரல். குழந்தை வட்டைத் தூக்கியதும் "ம்ஹும்" என்று ஒரு சத்தம், அல்லது சரியான குச்சியை நோக்கி ஒரு பார்வை. குழந்தை அதற்குப் பிறகு புதிரைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறது. இரண்டாவது, கடிகாரம். நேரம் வைத்தால் குழந்தை யோசிக்காமல் கையை ஓட்டும். யோசித்து மெதுவாகச் செய்பவர் தோற்பார். நகர்வை எண்ணுங்கள், நேரத்தை எண்ணாதீர்கள். மூன்றாவது, விளக்கம். "முதல்ல சின்னதை இங்க, அப்புறம் இதை அங்க" என்று ஏழையும் காட்டிக்கொடுத்தால் அடுத்த நாள் குழந்தை அதை அப்படியே ஒப்பிக்கும். வந்தவர்களிடம் செய்து காட்டவும் செய்யும்.

ஒப்பிப்பதா, புரிந்ததா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. இலக்கை வலதுக்குப் பதில் நடுக்குச்சிக்கு மாற்றுங்கள். அல்லது நான்காவது நகர்வுக்குப் பிறகு உள்ள நிலையை நீங்களே அமைத்து அங்கிருந்து முடிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். சிந்தனை முறைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1975இல் இந்தப் புதிரை அலசி, ஒரே ஏழு நகர்வை முற்றிலும் வெவ்வேறு வழிகளில் எட்டலாம் என்று காட்டினார்: மனப்பாடம் ஒரு வழி, "சின்னது ஒன்றுவிட்டு ஒன்று ஒரே திசையில் சுற்றும்" என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது ஒரு வழி, "பெரியதை விடுவிக்க மேலே உள்ளவை எங்கே போக வேண்டும்" என்று பின்னிருந்து யோசிப்பது ஒரு வழி. முடிவை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும்.

குழந்தை நகர்த்தத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "பெரியது கிளம்பணும்னா மத்த ரெண்டும் எங்க இருக்கணும்?" ஏழு வயதுக்கு மேல் இந்தக் கேள்வி அதிகம் வேலை செய்யும். அதற்குக் குறைந்த வயதில் இரண்டு அடுக்கு இலக்கைச் சேர்த்துப் பிடிக்க இயலாமல் முழிப்பார்கள். அங்கே கேள்வியைவிட எளிய தொடக்க நிலையே உதவி.

பத்து வயதுக்கு மேல்தான் நான்காவது, ஐந்தாவது வட்டுக்கு வேலை வருகிறது. 4 வட்டு நகர்த்துவது என்றால் 3 வட்டை இரண்டு முறை நகர்த்துவது, நடுவில் பெரியதை ஒரு முறை: 7+1+7. இதைக் குழந்தையே கண்டுபிடித்துவிட்டால் 5க்கு 31 என்று தொடாமலே சொல்லும். வட்டு எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முதல் நகர்வு இலக்குக் குச்சிக்கு, இரட்டைப்படை என்றால் மற்றதற்கு. இந்த விதியைச் சொல்லிக்கொடுக்காமல், 2, 3, 4, 5 வட்டுகளுக்கு முதல் நகர்வை மட்டும் எழுதி வைக்கச் சொன்னால் போதும், தானே பார்த்துக்கொள்வார்கள். சாதா மர நிற செட் என்றால் ஒன்றுவிட்டு ஒன்று வண்ணம் தீட்டலாம்: மிகக் குறைந்த நகர்வில் முடிக்கும்போது ஒரே வண்ண வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவே உட்காராது. அது ஏன் என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சிறிது நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

இதில் தேறினால் கணக்கில் மதிப்பெண் கூடுமா என்றால், அப்படி எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ஒரு புதிரில் பழகிய திறமை அதை ஒத்த புதிர்களுக்குப் போகும், தூரத்துப் பாடங்களுக்கு அவ்வளவாகப் போவதில்லை.

இரண்டாவது சாமான் வாங்க இடமிருந்தால் ரஷ் ஹவர். ஜப்பானியப் புதிர் வடிவமைப்பாளர் நோப் யோஷிகஹாரா உருவாக்கியது, திங்க்ஃபன் நிறுவனம் விற்கிறது. 6க்கு 6 கட்டப் பலகையில் மற்ற வண்டிகளை முன்பின் தள்ளிச் சிவப்புக் காரை வெளியே கொண்டுவர வேண்டும். 8 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது ஓரளவு சரியாகவே இருக்கிறது. ஹனோய் பெட்டியில் இல்லாத ஒன்று இதில் உண்டு: எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய 40 தொடக்க நிலை அட்டைகள். விலை கூடுதல். கைபேசியில் ஹனோய் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, தப்பான நகர்வை அதுவே தடுத்துவிடும், எண்ணிக்கையும் காட்டும். பத்து வயதுக்கு மேல் 5, 6 வட்டுக்கு அது வசதி. சின்னவர்களுக்குக் கொடுப்பதானால் நகர்வைத் திரும்பப்பெறும் பொத்தான் இல்லாத செயலியாகப் பாருங்கள். பொத்தான் இருந்தால் எதையாவது அழுத்திப் பார்த்துத் திரும்பப் பெறுவதே விளையாட்டாகிவிடும்.